ஒரே நாளில் ஏற்காடும் சேலத்துத் தட்டு வடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வீடு இருப்பவர்களுக்குக் கூலியில்லாத வேலை ஒன்று உண்டு: ஏற்காட்டுக்கு வழி சொல்வது. சென்னையிலிருந்து சித்தப்பா வீட்டார், பெங்களூரிலிருந்து தம்பியோடு வேலை பார்ப்பவர்கள், கல்யாணத்துக்கு வந்து ஒரு நாள் மிச்சம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று மாற்றி மாற்றி போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்பப்போகிறேன்.

ஒரு நாள் போதுமா?

போதும். ஆனால் பார்க்க வேண்டிய பதினைந்து இடங்கள் என்று யாராவது பட்டியல் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். மேலே மூன்று இடம், கீழே தட்டு வடை விற்கிற ஒரு தள்ளுவண்டி. என் கணக்கு அவ்வளவுதான்.

வருகிறவர்கள் செய்கிற ஒரே தப்பு, இரவு எட்டு மணி வரை மலையிலேயே சுற்றுவது. இறங்கி ஊருக்குள் வரும்போது வண்டிக்காரர் துருவிய கேரட் தீர்ந்துபோய் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். கண்ணுக்கு விருந்து மேலே, வாய்க்கு விருந்து கீழே. அதனால் மாலை ஐந்து மணிக்குச் சேலத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

மேலே எப்படிப் போவது?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சாதாரண ரோடு. அதற்கு மேல் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் இருக்கிறது, ஒன்று, ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே விட்டுவிடுவார்கள். காலை முதல் பஸ்களில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் ஸ்கூல் டீச்சர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் எந்தப் பக்கம் மழை, எந்த ரோடு அடைப்பு என்ற விவரமெல்லாம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் மேலே போன பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே தூரம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவர்கள் ஏரிக்கரையில் ஆட்டோவோ காரோ பிடிக்க வேண்டும். ஏறும் முன்பே எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பார், மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். இறங்கின பிறகு பேசினால் பேரம் நம் பக்கம் இருக்காது.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பாதி வழியில் சக்கரத்தில் புகை வந்து நிற்கிற வண்டிகளை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். வளைவில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. குப்பனூர் வழியாக இன்னொரு ரோடும் உண்டு. கூட்டம் கட்டுக்கடங்காத நாட்களில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று போலீஸ் மாற்றிவிடுவதும் உண்டு.

வளைவில் வாந்தி வருமே?

வரும். முன்சீட்டில் உட்காருங்கள், போனைப் பார்க்காதீர்கள், காலையில் எண்ணெயில் மிதக்கிற பூரியைத் தொடாதீர்கள். இரண்டு இட்லியோடு ஏறினால் போதும். உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டு வைத்தியம். ஒரு தடவை என் சித்தப்பா பையன் இதையெல்லாம் கேட்காமல் அடிவாரத்தில் பரோட்டா தின்றுவிட்டு ஏறினான். எட்டாவது வளைவில் வண்டியை நிறுத்தினோம். கீழே சேலம் முழுக்கத் தெரிகிற அருமையான இடம் அது. அவன் பார்க்கவில்லை.

எந்த மாதம் வரலாம்?

மே மாதத்தில் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் நடக்கும். பூ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நான் சொல்வது செப்டம்பர் முதல் ஜனவரி வரை. மழை பெய்து ஏரி நிறைந்திருக்கும், மூடுபனி இருக்கும், நவம்பருக்கு மேல் காப்பிச் செடிகளில் பழம் சிவந்து தொங்கும். காப்பிப் பூவைப் பார்க்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம் கழித்து வர வேண்டும். மல்லிகை போல வெள்ளையாக, கிளை முழுக்க ஒரே நாளில் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் போய்விடும், அதனால் தேதி குறித்துக்கொண்டு வர முடியாது.

புயல் எச்சரிக்கை இருக்கிற நாளில் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது.

“ஏழைகளின் ஊட்டி” என்கிறார்களே, அந்த அளவு குளிருமா?

குளிராது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். டிசம்பர், ஜனவரி காலை என்றால் ஸ்வெட்டர், மற்ற நாட்களில் ஒரு சால்வை. அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. ஏரி, காடு, இரண்டையும் சேர்த்து ஏற்காடு என்று நல்ல பெயர் இருக்கும்போது எதற்கு இன்னொரு ஊரின் பெயர்?

மேலே எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதலில் சேர்வராயன் கோயில். மலைத்தொடருக்கே பெயர் கொடுத்தவர் இவர்தான். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், 1,600 மீட்டருக்கு மேல் உள்ள உச்சி. மேலே மரமில்லாத பெரிய புல்வெளி, காற்று ஆளைத் தள்ளும். கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடாதீர்கள், அது ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும். வெளி வெயிலிலிருந்து உள்ளே போன உடனே ஒன்றும் தெரியாது. பாறையின் ஈரம் கையில் படும், கற்பூர வாசம் வரும், அப்புறம்தான் விளக்கொளியில் சேர்வராயனும் காவேரி அம்மனும் தெரிவார்கள். அந்தக் குகை காவிரி வரை போகிறது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. என் பாட்டி கடைசி வரை நம்பினாள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக்கிராமங்கள் முழுக்க இங்கே கூடிவிடும்.

இரண்டாவது பகோடா பாயிண்ட். பெயரைக் கேட்டதும் வெங்காயப் பகோடா என்று நினைத்து வந்தவர்களை எனக்குத் தெரியும். கற்களைக் கோபுரம் போல அடுக்கிய குவியல்கள் இருப்பதால் வந்த பெயர் அது. தின்கிற பகோடாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை இருப்பதால் ஏமாற்றம் கிடையாது. பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் சின்னச் சின்ன ஊர்கள் தெரியும். காலை எட்டு மணிக்குள் போனால் மேகம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும். பதினொரு மணிக்குப் போனால் செல்ஃபி எடுப்பவர்கள்தான் இருப்பார்கள்.

மூன்றாவது லேடீஸ் சீட். இங்கிருந்து சேலம் முழுக்க விரிந்து கிடக்கும். நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கொட்டியது போலத் தெரிவது மேக்னசைட் சுரங்கங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். இரவில் ஊரின் விளக்குகளைப் பார்ப்பது இன்னும் அழகு. ஆனால் நம் கணக்குப்படி அந்த நேரத்தில் நீங்கள் அந்த விளக்குகளுக்குள்ளேயே நின்று தின்றுகொண்டிருப்பீர்கள்.

ஏரியில் படகு, குழந்தைகள் இருந்தால் மட்டும். விடுமுறை நாளில் படகில் இருக்கும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரம் அதிகம். கிளியூர் அருவிக்கு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வருகிறது, அதனால் ஏரி வழியவில்லை என்றால் அருவியும் இல்லை. கோடையில் அவ்வளவு படி இறங்கிப் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தவர்களின் திட்டு எனக்குத்தான் விழும். ஆகவே ஏரிக்கரையில் கேட்டுவிட்டுப் போங்கள். செடி கொடியில் ஆர்வமிருந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பாருங்கள். பூச்சி தின்னும் குடுவைச் செடியை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கரடி குகையில் கரடி இல்லை. எஸ்டேட் ஓரங்களில் காட்டுமாடு உண்டு. தூரத்தில் நின்று பாருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

மலையில் என்ன சாப்பிடுவது?

மிளகாய் பஜ்ஜி. மூடுபனியில் நின்றுகொண்டு, வாணலியிலிருந்து நேராகக் கைக்கு வரும் பஜ்ஜி. வேறு எதற்காகவும் மலையில் வரிசையில் நிற்காதீர்கள். பிரெட் ஆம்லெட், வேகவைத்த சோளம், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி எல்லாம் இருக்கும். கடைக்காரர் மிளகுத்தூள் போடட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், எஸ்டேட்களில் சில்வர் ஓக் மரங்களில் சுற்றிப் படர்ந்திருக்கிறதே, அந்த மிளகுதான். பருவத்தில் கமலா ஆரஞ்சு, பலா, பட்டர் ஃப்ரூட் விற்பார்கள். மதியச் சாப்பாடு ஏதாவது ஒரு மெஸ்ஸில் அளவாக முடித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இடம் வேண்டும்.

கையில் இருக்கிற தின்பண்டத்தைக் குரங்கு பிடுங்கும். அதனிடம் நியாயம் பேச முடியாது.

காப்பித்தூள் வாங்கி வரலாமா?

வாங்கலாம், கவனமாக. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இன்றைக்கும் இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா. ஆனால் ரோட்டோரத்தில் விற்கும் பாக்கெட் எல்லாம் மலைக் காப்பிதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கடையில் “சுத்தமான எஸ்டேட் தூள்” என்று வாங்கி வந்து பில்டரில் போட்டேன். டிகாக்‌ஷன் தார் மாதிரி கறுத்து, கசந்து வழிந்தது. பாதிக்குப் பாதி சிக்கரி. அதற்குப் பிறகு நான் கொட்டையாகத்தான் வாங்குகிறேன். கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிற கடை என்றால் இன்னும் நல்லது. மூலிகை எண்ணெய், முடி வளரும் தைலம் பற்றிக் கேட்பவர்களுக்கு: என் தலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

மலையில் “மலையாளிகள்” இருக்கிறார்களாமே, கேரளாக்காரர்களா?

இல்லை. மலையாளி என்பது இங்கே உள்ள பழங்குடி மக்களின் பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்கள் என்று அவர்களிடையே ஒரு கதை உண்டு. சாமை, தினை, ராகி அவர்களுடைய பழைய சாப்பாடு. சந்தையில் மலைச் சாமை கிடைத்தால் ஒரு படி வாங்கிப் போங்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஒரு தடவை சாப்பிட்டால் தெரியும்.

சரி, தட்டு வடை செட் என்றால் என்ன?

இதற்குத்தான் இவ்வளவு நேரம்.

தட்டு வடை என்றால் மெதுவடை போலவோ பருப்பு வடை போலவோ இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இது தட்டை. அரிசி மாவில் கொஞ்சம் கடலைப்பருப்பு சேர்த்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு மெல்லிசாகத் தட்டிப் பொரித்தது. வண்டிக்காரர் ஒரு தட்டில் ஐந்தோ ஆறோ வரிசையாகப் பரப்புவார், சீட்டு விளையாடுகிறவர் சீட்டுப் போடுவது மாதிரி. ஒவ்வொன்றின் மேலும் பச்சைச் சட்னி, அதாவது புதினாவும் கொத்தமல்லியும். அப்புறம் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி. அதன்மேல் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு சிட்டிகை. இன்னொரு தட்டு வடையை மேலே வைத்து மூடி ஒரு அழுத்து. அதுதான் ஒரு செட்டு. கையில் பீட்ரூட் சாயம் ஏறிய விரலோடு இருப்பவர்தான் பழைய கை.

எப்படித் தின்பது என்பது முக்கியம். கடிக்கக் கூடாது. முழுசாக வாயில் போட வேண்டும். கடித்தால் பாதி சட்டையில் விழும், பீட்ரூட் கறை லேசில் போகாது. வாய்க்குள் முதலில் மொறுமொறுப்பு உடையும், உடனே காய்கறியின் குளிர்ச்சி, அப்புறம் பூண்டுக் காரம் மூக்கில் ஏறும். தட்டு கைக்கு வந்ததும் தின்றுவிடுங்கள். போட்டோ எடுத்து, ஃபில்டர் போட்டு, நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத் தின்றால் நமத்துப்போயிருக்கும்.

இதிலேயே பல வகை. தட்டு வடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். நடுவில் வேகவைத்த முட்டைத் துண்டு வைத்தால் முட்டை செட், மாங்காய் வைத்தால் மாங்காய் செட். எல்லாவற்றையும் கையால் நொறுக்கி, சட்னியோடு கிளறித் தருவது நொறுக்கல். எனக்குப் பூண்டு நொறுக்கல்தான் பிடிக்கும். அன்றைக்கு ராத்திரி யாரோடும் நெருங்கிப் பேசாமல் இருந்தால் சரி.

எந்தக் கடை நல்ல கடை?

பெயர் சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் அடுத்த தெருக்காரர் சண்டைக்கு வருவார், அவரவர் தெருமுனை வண்டிதான் அவரவருக்குச் சேலத்திலேயே முதல் வண்டி. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை (இதுவும் ஊருக்குள் ஒரு பகுதியின் பெயர்தான்) என்று எந்தப் பக்கம் போனாலும் மாலை நாலரை, ஐந்துக்கு மேல் வண்டிகள் வந்துவிடும். ஆனால் அடையாளம் சொல்கிறேன். காய் அப்போதுதான் துருவியிருக்க வேண்டும், காலையில் துருவியதென்றால் பீட்ரூட் கறுத்திருக்கும். சட்னி தண்ணீராக ஓடக் கூடாது. ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளும் தறி ஓட்டுகிறவர்களும் நிற்கிற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். விலை பயப்படும்படி இருக்காது. சினிமாவுக்கு ஒரு ஆள் போகிற காசில் குடும்பமே தின்றுவிடலாம்.

குழந்தைகள் காரம் தாங்க மாட்டார்களே?

“அண்ணா, ஒரு செட்டு காரம் இல்லாம” என்றால் சிவப்புச் சட்னி போடாமல் தருவார்கள்.

தட்டு வடையைத் தவிர சேலத்துச் சாப்பாடு ஒன்றும் இல்லையா?

மே, ஜூனில் வந்தால் மாம்பழம். மல்கோவா என்றால் உருண்டையாக, தோல் தடித்து, கொட்டை சிறுத்து இருக்கும். இமாம் பசந்த் மெல்லிய தோல், விலை கூடுதல். சேலம் குண்டு, செந்தூரா, கிளிமூக்கு எல்லாம் சின்னக் கடைவீதிப் பக்கம் குவிந்து கிடக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாமல் மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது, வைத்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் ஜவ்வரிசி. ஆத்தூர் ரோட்டில் போனால் வெயிலில் வெள்ளை வெளேர் என்று களங்கள் தெரியும், அவை சேகோ ஃபேக்டரிகள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை அரை ஈரத்தில் குலுக்கி உருட்டுவார்கள். சல்லடையில் சலித்து, சூடான தகட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் உங்கள் பாயசத்து முத்து. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமந்து போகவும் சுலபம்.

அசைவம் என்றால் மதியமே மலையிலிருந்து இறங்கி ஏதாவது ஒரு மிலிட்டரி ஓட்டலில் உட்காருங்கள். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து மணிக்குச் செட்டு இறங்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீக்கிரம் இறங்கிவிட்டோம், வண்டி வர நேரமிருக்கிறது. என்ன செய்ய?

ஏற்காடு ரோட்டிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படத்தை எடுத்தது இந்தச் சேலத்துக்காரர்தான். இப்போது வளைவு மட்டும்தான் மிச்சம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

கோயில் என்றால் ஊர் நடுவில் சுகவனேஸ்வரர். சுகம் என்றால் கிளி. அருணகிரிநாதர் பாடிய முருகன் உள்ளே இருக்கிறார். மதியம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம்தான் திரும்பத் திறக்கும், நேரம் பார்த்துப் போங்கள். ஆடி மாதம் வந்தால் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கிற நாளைக் கேட்டு வாருங்கள். சாமி, அசுரன், ராஜா என்று வேஷம் கட்டியவர்கள் ஜோடித்த வண்டிகளில் வருவார்கள், ஊரே ரோட்டில் நிற்கும்.

“கடலும் தீவும் இல்லாத ஊரா?” என்று ஒரு மாமா மகள் கேட்டாள், அந்தமான் போய்வந்த மிதப்பில். கண்ணங்குறிச்சி மூக்கனேரிக்குக் கூட்டிப்போனேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஏரியைத் தூர்வாரியபோது அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்கு அவை பறவைகள் அடையும் குட்டித் தீவுகள். பின்னால் சேர்வராயன் மலை நீலமாக நிற்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை, போட்டோ மட்டும் நிறைய எடுத்தாள்.

ராத்திரி ரயிலுக்குப் பார்சல் கட்டலாமா?

கட்டலாம், செட்டாகக் கட்டக் கூடாது. தட்டு வடை தனியாக, இரண்டு சட்னியும் தனித்தனியாக, காய் தனியாக என்று கேளுங்கள், செய்வார்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனால் நல்லது. ஜங்ஷன் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கிறது, மாலை நெரிசலில் முக்கால் மணி நேரமாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரயிலில் கீழ் பர்த்தில் பேப்பர் விரித்து நீங்களே செட்டுப் போடலாம். எதிர் சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார், அதனால் இரண்டு செட்டுக் கூடுதலாகவே வாங்குங்கள்.